ஏழாவது தட்டம்

குலசேகரத்தின் சுண்டுவிரல் சம்பந்தியின் துவக்குக் குழலுக்குள் இறுகிக்கொண்டபோது, சம்பந்தி ஹரல்ட் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

குலசேகரம் இழுத்துப் பார்த்தார். விரல் வரவில்லை. திருகிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த துவக்கும் சேர்ந்து திரும்பியது.

"சீனி எத்தனை கரண்டி?" என்று உள்ளேயிருந்து ஆங்கிலத்தில் குரல் வந்தது.

குலசேகரத்துக்குப் பத்து வருடமாக நீரிழிவு. ஆனாலும் நேரம் வேண்டுமே.

"ஐந்து!" என்றார்.

இடக்கையை எட்டிப் போட்டு மேசையிலிருந்த வெண்ணெயை வழித்து விரலில் பூசினார். ஹரல்ட் கோப்பைகளோடு வரவும் விரல் வெளியே வரவும் சரியாக இருந்தது. துவக்கின் வாயில் வெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. ஹரல்ட் அதைப் பார்த்தார், குலசேகரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் இவ்வளவு வில்லங்கத்துக்கும் காரணம்.

குலசேகரத்தின் ஒரே மகள் சிவகௌரி, கூட வேலை செய்யும் கொலினைக் கட்டப்போகிறாள். பொடியன் தங்கமானவன், புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் கையால் குழைத்துச் சாப்பிடுவான். ஆனால் தாயில்லாத அந்தப் பொடியனின் தகப்பன் லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் ஆறடி உயரத்துக்கு மௌனமாக உட்கார்ந்திருந்தார். லூயிஷாம் சிவன் கோயிலில் கலியாணம் என்று சொல்லி மூன்று கிழமையாகியும் வருவேன் என்றோ மாட்டேன் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

"அப்பா, அவருக்கு எங்களைப் பிடிக்கேல்லையோ?" என்று சிவகௌரி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்வி குலசேகரத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. மகள் மணவறையில் இருக்கும்போது அவள் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை அவரால் தாங்க ஏலாது.

ஹரல்டின் வீட்டில் பேச்சுக்கு வழிவிடும் பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கணப்புக்கு மேலே தொங்கிய துவக்கு. வாய்வழியாக வெடிமருந்தும் ஈயக்குண்டான சன்னமும் போட்டு இடிக்கிற பழைய வகைத் துப்பாக்கி. வன்னியில் இடியன் என்பார்கள். இப்படி நடுவீட்டில் மாட்டி வைத்திருக்கிற மனிதருக்கு அதில் எவ்வளவு பற்று இருக்கவேண்டும்! வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போகக்கூடாது. அந்தத் துவக்குக்கு ஏற்ற சன்னத்தையே கொண்டுபோய்க் கொடுத்தால் மனிதர் வாய் திறக்காமலா போவார்?

ஆனால் என்ன அளவு என்று கேட்டால், "வழக்கமான அளவுதான்" என்றார் ஹரல்ட். "நீங்கள்தான் அனுபவசாலி. உங்களுக்குத் தெரியாததா?"

குலசேகரத்துக்கு மீசை துடித்தது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் ஸ்டோர்கீப்பர். இப்போது தோர்ண்டன் ஹீத்தில் ஆணி, திருகாணிக் கடையில் வேலை. கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவார். துவக்கைத் தாங்கிய ஆணி கூட மூன்று அங்குலம், புத்தம் புதுசு, சுற்றிவர ஏதோ படம் தொங்கியிருந்த வெளிறிய சதுரம் என்பதெல்லாம் உடனே அவர் கண்ணில் பட்டது. குழலின் உட்புறம் மட்டும் கண்ணுக்கு எட்டவில்லை. அதனால்தான் விரலை விட்டார்.

'அனுபவசாலி' என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருந்தது. குலசேகரத்தின் வரவேற்பறையில் ஒரு பழைய படம் உண்டு. மாங்குளம் காடு, செத்த பன்றி ஒன்று, பன்றியின் மேல் ஒரு கால், கையில் இடியன் துவக்கு, இளமைக் குலசேகரம். பன்றியைச் சுட்டது சிநேகிதன் சவிரிமுத்து. சுட்ட நேரத்தில் குலசேகரம் பாலை மரத்தின் உச்சிக் கொப்பில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நீங்களா சுட்டீர்கள்?" என்று கொலின் கேட்டபோது ஆம் என்று அவர் பொய் சொல்லவில்லை. மீசையை மட்டும் தடவினார். கொலின் அதை ஹரல்டிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் லூயிஷாமில் ஒரு துவக்குக் கடைக்குப் போய் வீங்கிப்போன சுண்டுவிரலை நீட்டினார்.

"இந்த விரல் இறுக்கமாகப் போகிற துவக்குக்குச் சன்னம் வேண்டும்."

கடைக்காரக் கிழவர் அவரையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். விரலோடு வந்த முதல் ஆள் நீங்கள்தான். வெடிமருந்துக்குத்தான் அனுமதிக் கடதாசி வேண்டும். இது வெறும் ஈயமும் பிளாஸ்டிக்கும், தரலாம். துவக்கு எங்கே இருக்கிறது?"

"பார்க்கிங்கில்."

கிழவர் அளவுகோலால் விரலைப் பிடித்தார். "ஐம்பத்தெட்டு காட்டுகிறது. அங்குலத்தை நூறாகப் பிரித்தால் ஐம்பத்தெட்டுப் பங்கு. ஆனால் பார்க்கிங் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிறவர் ஒருவர்தான். கட்டையான ஆள், சிவப்புத் தாடி. அவருடையது ஐம்பத்துநாலு. அபூர்வமான அளவு."

"அவர் வேறு யாரோ. என்னுடைய ஆள் ஆறடி, முகம் மழித்தவர். ஐம்பத்தெட்டே தாருங்கள். என் விரல் பொய் சொல்லாது."

கிழவர் தோளைக் குலுக்கிவிட்டு ஈயச் சன்னங்களையும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களையும் எடுத்து வைத்தார். கிண்ணத்துக்குப் பெயர் சபோ. சன்னம் குழலைவிடச் சிறியது; அதைச் சபோவுக்குள் இருத்தி, சபோவைக் குழலுக்குள் இறக்கினால் ஆடாமல் நிற்கும். குலசேகரத்துக்கு உடனே விளங்கிவிட்டது. லண்டனுக்கு வந்த முதல் குளிரில், தானமாகக் கிடைத்த பெரிய சப்பாத்துக்குள் கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர் அல்லவா?

"ஐம்பத்தொன்று தாருங்கள்," என்றார்.

"பெட்டியில் ஐம்பதுதான் இருக்கும்."

"நல்ல காரியத்துக்கு ஒன்று கூட்டித்தான் கொடுக்கவேண்டும்."

அந்த ஒன்றுக்காக இரண்டாவது பெட்டியும் வாங்க வேண்டியதாயிற்று.

முறைப்படி தட்டம் கொண்டுபோகும் சனிக்கிழமை காலை குலசேகரத்தின் மனைவி சிவனேஸ்வரி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பலகாரம், பூ, பட்டு வேட்டி சால்வை.

"ஆறுதான் வருது. இரட்டையாக் கொண்டுபோக ஏலாது. ஏழாவதுக்கு என்ன வைக்கிறது?"

குலசேகரம் பெருமையோடு சன்னப் பெட்டிகளை நீட்டினார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் சிவனேஸ்வரி. "சம்பந்தி வீட்டுக்குச் சன்னம் கொண்டுபோற முதல் மனுசன் நீங்கள்தான். எங்கடை ஊர்ப்பேரைக் கேட்டாலே சனம் ஒரு மாதிரிப் பார்க்குது!"

"அவருக்குப் பிடிச்சதைத்தானே குடுக்கவேணும். நீ பேசாமல் குங்குமத்தை எடு."

"விரல் இன்னும் வீங்கித்தான் கிடக்கு. அளவு சரியோ?"

"பதினெட்டு வருசம் ஸ்டோர்கீப்பர். என்னட்டை அளவு கேக்கிறாய்!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மனம் கேட்காமல், ஐம்பத்தொரு சன்னங்களையும் ஐம்பத்தொரு சபோக்களையும் பித்தளைத் தட்டத்தில் அழகாக அடுக்கி, நடுவில் குங்குமமும் சந்தனமும் வைத்தாள்.

பார்க்கிங்கில் ஹரல்ட் ஒவ்வொரு தட்டமாகக் கவனமாக வாங்கி வைத்தார். வேட்டியைக் கண்டதும் முகத்தில் ஒரு சிரிப்புக்கூடத் தெரிந்தது. ஏழாவதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"உங்கள் துவக்குக்கு," என்றார் குலசேகரம். "நானே தெரிவு செய்தேன்."

"போட்டுத்தான் பாருங்களேன் அப்பா," என்றான் கொலின்.

ஹரல்ட் துவக்கை இறக்கி, அது கடித்துவிடும் என்பதுபோல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். "நீங்கள் போடுங்கள்."

"ஐயோ, வீட்டுக்காரர் நீங்கள்."

"விருந்தாளிதான் முதலில்."

துவக்கு நாலு தரம் அங்கும் இங்கும் போய்வந்தது. கடைசியில் குலசேகரத்தின் கையில் நின்றது. சந்தனம் ஒட்டிய சபோ ஒன்றை எடுத்துச் சன்னத்தை இருத்திக் குழலின் வாயில் வைத்தார். போகவில்லை. பெருவிரலால் அமுக்கினார். ம்ஹூம். பேனாக்கத்தியால் ஓரத்தைச் சீவினார். பாதி போனது. மரக்கரண்டியால் தட்டினார். இன்னும் கொஞ்சம் போய், அங்கேயே சப்பென்று இறுகிவிட்டது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஹரல்டின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, இதை உடைத்துவிட்டீர்களா?" என்றார். அன்றைக்கு அவர் பேசியதில் அதுதான் நீளமான வசனம்.

குலசேகரம் மகளைப் பார்த்தார். சிவகௌரியின் கண் நிறைந்திருந்தது. துவக்கை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். மீசையைத் தடவவில்லை.

"ஹரல்ட், மன்னிக்கவேண்டும். எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பன்றியைச் சுட்டது நான் இல்லை. நான் மரத்துக்கு மேலே இருந்தேன். உங்களுக்கு எங்களைப் பிடிக்கவேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன்."

"மரத்துக்கு மேலேயா?" என்றார் ஹரல்ட்.

"கண்ணை மூடிக்கொண்டு."

சிவனேஸ்வரி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடத்தில் அவளுக்கும் இது புதுச் செய்திதான். ஹரல்ட் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

கொலின் போய்க் கதவைத் திறந்தான். பக்கத்து வீட்டுக்காரராம். கட்டையான ஆள், சிவப்புத் தாடி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"ஹரல்ட், பட்டாசுச் சத்தத்துக்கே மேசைக்குக் கீழே ஒளிகிற ஆள் நீ, அந்த வேட்டைக்காரச் சம்பந்திக்கு உன்னைப் பிடிக்கவேண்டும் என்று கலியாணம் முடியும்வரை இரவல் கேட்டாய், நானும் தந்தேன், ஆனால் நாளைக்கு எனக்குப் போட்டி இருக்கிறது, என் துவக்கை ஒரே ஒரு நாளைக்குத் திருப்பித் தருவாயா?"