நண்டுக் கயிறும் மூட்டைப்பூச்சியும்

எல்லோரும் சௌக்கியமா? இருமல், முழங்கால் வலியெல்லாம் தேவலையா? எங்கள் விட்பி ஊர்க் கடல்காற்றுக்கு என்னை ஒரு நோயும் அண்டவில்லை. எதிர்வீட்டு வில்ஃபுக்குத்தான் போன செவ்வாய்க்கிழமை பெரிய சோதனை. படித்துவிட்டு உங்கள் வீட்டுக் கதையையும் எழுதி அனுப்புங்கள்.

வில்ஃப் நண்டு பிடிக்கிற படகுக்காரர். ஹெஸ்டரைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகிறது. அவளுடைய மகள் ஐவிக்கு ஏழு வயது. அப்பா தவறி இரண்டு வருஷம். ஹெஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை வந்தால் சித்தி மாபெல்தான் வந்து தூங்க வைப்பாள். அன்று முதல் முறையாக வில்ஃபின் முறை.

"புள்ள சிணுங்கினா உடனே போன் பண்ணுங்க அத்தான். வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று மாபெல் சொல்லியிருந்தாள்.

அந்தப் போனை மட்டும் செய்யக்கூடாது என்று வில்ஃப் சபதமே எடுத்திருந்தார்.

எட்டு மணிக்குக் கோகோ குடித்தாயிற்று, பல் தேய்த்தாயிற்று. விளக்கை அணைக்கப் போனவர், தூங்கப் போகும் பிள்ளைக்கு இங்கே எல்லா வீட்டிலும் சொல்வதைச் சொன்னார். "குட் நைட், ஸ்லீப் டைட். மூட்டைப்பூச்சி கடிக்காமப் பாத்துக்கோ."

ஐவி எழுந்து உட்கார்ந்தாள். "மூட்டைப்பூச்சி இருக்கா?"

"சேச்சே! சும்மா ஒரு பேச்சுக்கு."

"இல்லாததை எதுக்குச் சொன்னீங்க?"

மெத்தையைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பட்டாணியும் ஒற்றைக் காலுறையும்தான் கிடைத்தன.

"அப்ப எதை டைட் பண்ணணும்?"

'ஸ்லீப் டைட்னா அசந்து தூங்குன்னு அர்த்தம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். வாய் சும்மா இருந்ததா? "அந்தக் காலத்துல கட்டிலுக்குக் கயிறுதானாம். தொய்ஞ்சா முறுக்கி இறுக்குவாங்களாம். எங்க படகுல ஒருத்தன் சொன்னான்."

"என் கட்டில்ல கயிறே இல்லையே!" உதடு பிதுங்கியது.

வில்ஃபின் கண்முன் அந்தப் போன் வந்து நின்றது. கொல்லைக்கு ஓடி, நண்டுக்கூண்டுக் கயிற்றைக் கொண்டுவந்து கட்டில் சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார். நண்டு வாசனைக்குப் பூனை வந்தது. பூனையின் நகம், குளிருக்குப் படுக்கையில் வைத்திருந்த வெந்நீர்ப் பையைக் கிழித்தது. மெத்தை நனைந்தது. ஈர மெத்தையைத் தூக்கியபோது, கயிறு இழுத்த இழுப்பில் கட்டில் மடார் என்று சரிந்தது.

"இன்னொரு தடவை கட்டுங்க!" என்றாள் ஐவி.

காலையில் மாபெல் வந்தபோது கூடத்துத் தரையில் கம்பளி விரித்திருந்தது. வில்ஃபின் கைமேல் தலை வைத்து, நண்டுக் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி ஐவி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டேன் மாபெல்," என்றார் வில்ஃப், மெதுவாக. "மூட்டைப்பூச்சின்னு சொல்லிப் புள்ளையப் பயமுறுத்திட்டேன். இனிமே நீயே வந்து பாத்துக்க."

மாபெலுக்குக் கண் கலங்கிவிட்டது. "பயமா, இவளுக்கா? நானும் வர்றப்பல்லாம் அதைத்தானே சொல்றேன், 'சரி சித்தி'ன்னு திரும்பிப் படுத்துடுவா. இப்படிக் கேள்வி கேட்டுக் கட்டிலைப் பிரிக்க வைக்கிறதெல்லாம், அவ அப்பாகிட்ட மட்டும்தான் செஞ்சிருக்கா அத்தான்."