நூல் மேஸ்திரி வைத்த நடுத்தூண்

ஓசூரில் நூல் மேஸ்திரியோடு சண்டை போடாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் முந்தின நாள்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார் என்று அர்த்தம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பக்கத்துப் பேரிகை கிராமத்தில் ஒரு பெரிய விவசாயியிடம் கார் ஓட்டுவதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவன் நான். சண்டை போடும் அளவுக்குக்கூட எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

மேஸ்திரி, அடிபட்ட கார்களுக்குத் தகர வேலை பார்ப்பவர். கழுத்தில் எப்போதும் ஒரு நூல் தொங்கும். நசுங்கிய பக்கத்துக் கதவு வாசலை மூலைக்கு மூலை அந்த நூலால் அளந்து, நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அதோடு விட்டிருந்தால் ஊரில் நல்ல பெயரோடு இருந்திருப்பார். ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் எழுந்து போய்ப் பந்தல்காலை அளந்து, கோணலாக இருக்கிறது என்று மாப்பிள்ளையிடமே சொன்னார். அதன்பின் அவருக்கு யாரும் பத்திரிகை வைக்கவில்லை. மாட்டுத் தரகர் வெங்கடப்பா துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடிக்கிற நேரத்தில், காளையின் இடது கொம்பு ஒரு விரற்கடை குட்டை என்று அறிவித்தார். வாங்க வந்தவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். உச்சமாக, பூக்காரி கெம்பம்மாவின் கைமுழத்தையும் அளந்து, குறைகிறது என்றார். பூக்காரி முழத்தை அளந்தவனோடு யார்தான் பேசுவார்கள்?

அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. பட்டறையில் உதவியாளும் தங்குவதில்லை. கார்களோடுதான் பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை, முதலாளியையும் அவர் சம்சாரத்தையும் வேப்பனப்பள்ளியில் மகள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் அழைத்துவர வேண்டும். சூளகிரிக்குப் பக்கத்துத் திருப்பத்தில், கேழ்வரகுத் தாள் ஏற்றிவந்த கட்டைவண்டி மாடுகள் என் ஹாரனுக்கு மிரண்டு, நுகத்தடியைக் காரின் விலாவில் இடித்தன. வண்டிக்காரருக்கும் மாடுகளுக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கி நிற்கும் தூண் மட்டும் உள்ளே மடிந்துவிட்டது. ஒரு கதவு திறக்கவில்லை, இன்னொன்று சாத்தவில்லை. எனக்கு முன்னால் இருந்த டிரைவரை, மட்கார்டில் விழுந்த ஒரே ஒரு கீறலுக்காக வீட்டுக்கு அனுப்பியவர் முதலாளி. அந்த டிரைவருக்காவது போக ஒரு வீடு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

கதவைக் கயிற்றால் கட்டி ஓசூருக்கு ஓட்டிவந்தேன். மேஸ்திரி நூலை வைத்துப் பார்த்துவிட்டு, "இத நிமுத்தக் கூடாதுப்பா. மடிஞ்ச தகடு மறுக்கா அங்கியே மடியும். வேற தூணுதான் வெக்கணும்" என்றார்.

பெங்களூரில் ஒரு பழைய இரும்புக் கடையில், அதே ஜாதிக் காரிலிருந்து தூணை அறுத்து வாங்கி, பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் நிறுத்திக் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார். எல்லையில் மதுவிலக்குப் போலீஸ்காரர் தூணின் பொந்துக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். அந்த இரண்டு நாளில் என்னோடு பேசியவர்கள் அவர்கள் இருவர்தான்.

தூண் வந்தும் வேலை தொடங்கவில்லை. காலிக் காருக்கு ஒரு அளவு, ஆள் உட்கார்ந்த காருக்கு ஒரு அளவு என்பது மேஸ்திரியின் சித்தாந்தம். "காலியில வெச்சா, உங்க மொதலாளி குந்துனதும் கதவு கவ்விக்கும். அவுரு எடைக்கு ஒரு ஆளு, அந்தம்மா எடைக்கு ஒரு ஆளு கூட்டியா" என்றார். எனக்கு இங்கே யாரைத் தெரியும் என்றேன். தன் பெயரைச் சொன்னால் வருகிறவர்களும் வரமாட்டார்கள் என்று அவர் கைவிரித்தார்.

சந்தைக்கு ஓடினேன். கனத்த சரீரம் எங்கே என்று தேடியதில் அகப்பட்டவர்கள் கெம்பம்மாவும் வெங்கடப்பாவும். என் வேலை போய்விடும் என்று அழாக்குறையாகக் கெஞ்சியதில் கெம்பம்மா இரங்கினாள். வெங்கடப்பா, காருக்குள் நிழலாக இருக்குமே என்று வந்தார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் காருக்குள் போட்ட பலகையில் ஆளுக்கொரு திசையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேஸ்திரி தூணை முடுக்கி நிறுத்தி, அளந்து, கோடு கிழித்தார். பிறகு அவர்களை இறக்கிவிட்டு, தீப்பொறி படாமலிருக்க ஈரச் சாக்கைப் போர்த்தி, கேஸ் வெல்டிங்கால் தூணைப் பற்றவைத்தார். எல்லாம் ஆனதும், கூரை இன்னும் படியவில்லை, நாளைக்கும் வந்து உட்காருங்கள் என்றார்.

புதன்கிழமையும் படியவில்லை. கெம்பம்மா கன்னடத்தில் அலுத்துக்கொள்ள, வெங்கடப்பா தெலுங்கில் பதில் சொல்ல, மேஸ்திரி காருக்கடியில் படுத்தபடி தமிழில் தீர்ப்புச் சொன்னார். கெம்பம்மா வீம்பாகக் கையை நீட்டி, இப்போது அளந்து பார் என்றாள். மேஸ்திரி அளந்தார். கை வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை அவள் களியும், அவரைக்காய்ச் சாறு என்கிற குழம்பும் கொண்டுவந்தாள். நாலு பேரும் அந்த ஓட்டைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் மட்டும் விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளி காலையிலும் மேஸ்திரி நூலைப் பிடித்துப் பார்த்து, தூசியளவு இடிக்கிறது, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்றார். அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் இரண்டு கதவையும் சாத்திப் பார்த்தேன். தொட்டதும் வெண்ணெயாகப் போய் உட்கார்ந்தன. தூணின் உள்பக்கத்தைத் தடவினேன். பெயிண்ட் காய்ந்து, அதன்மேல் தூசியும் படிந்திருந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"மேஸ்திரி, இது எப்ப முடிஞ்சுது?"

அவர் நூலை விரலில் சுற்றினார். "செவ்வாக்கெழமயே."

"அப்புறம் எதுக்கு என் பொழப்புக்கு உலை வைக்கிறீங்க?"

அவர் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கதவு சரியா சாத்திக்கிச்சுன்னா எல்லாரும் போயிருவீங்க இல்லப்பா."

திட்டுவதற்கு நாக்கு நுனிவரை வார்த்தை வந்திருந்தது. வந்த வழியே போய்விட்டது. அந்த நான்கு நாளும் எனக்கும் அந்த ஊரில் மூன்று பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கெம்பம்மா களி கொண்டுவரும்வரை காத்திருந்து, நாலு பேருமாகச் சாப்பிட்டுவிட்டே கிளம்பினேன். வேப்பனப்பள்ளிக்கு ஒரு மணி நேரம் தாமதம். முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அவர் ஏறினார், உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார். தூண் மாறியது கடைசிவரை அவருக்குத் தெரியாது. வேலை நிலைத்தது.

அடுத்த மாதம், கதவில் ஒரு குறையும் இல்லாத காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பின்கதவு கொஞ்சம் பிடிக்கிறாற்போல் இருக்கிறது மேஸ்திரி என்றேன். நிதானமாக அளந்து பாருங்கள், அவசரமே இல்லை என்றும் சொன்னேன்.