மூன்று பெடல் உள்ளது மட்டும்

சாத்தூர்
12.6.2007

மதிப்புக்குரிய லட்சுமிகாந்தம் மாமா அவர்களுக்கு,

மருமகன் சூர்யபிரகாஷ் வணக்கத்துடன் எழுதுவது. சிங்கப்பூரில் தாங்கள் நலம் என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டதால் அதை மறுபடி கேட்கவில்லை. இங்கே மழை இல்லை, வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் இல்லை, அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

போனில் என்ன சொன்னீர்கள்? "கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் விடுற ஸ்டியரிங்தான மாப்ளே, லீவுக்கு வரும்போது ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வாரேன்." அந்த "ஏதாவது ஒண்ணு" எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவிடவில்லை. போன தடவையும் ஏதாவது ஒன்றைத்தான் வாங்கி வந்தீர்கள். அதற்குப் பெடல் இரண்டு. ஆக்சிலேட்டர், பிரேக். கிளட்ச் கிடையாது. கியர் என்று வளையத்துக்குப் பின்னால் இரண்டு பொத்தான். வளையம் இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் திரும்பாது. உள்ளே ஒரு ஸ்பிரிங், கையை எடுத்தால் டபக்கென்று நடுவுக்கு வந்துவிடும். உலகத்தில் எந்த ஜீப்பும் இப்படி இல்லை மாமா.

விளையாட்டுச் சாமானுக்கு இம்புட்டு அலப்பறையா என்று நினைப்பீர்கள். இது விளையாட்டு இல்லை. அப்பா அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து அவர் இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா உலை வைப்பாள். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு லேட்டு. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் அக்காதானே. இப்போது முதலாளி ஏழாயிரம்பண்ணையில் இன்னொரு யூனிட் போட்டிருக்கிறார். இரண்டுக்கும் ஜீப்பில் போய்வர ஒரு சூப்பர்வைசர் வேண்டும். "காசிராஜா, லைசென்ஸ் எடுத்துட்டு வாய்யா, ஒன்னைய மருந்து ரூம்ல இருந்து வெளிய எடுத்துர்றேன்" என்று ஆடி கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்.

அப்பா இரண்டு தடவை ஃபெயில். காரணம், அந்த ரூமின் பழக்கம். அங்கே எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, அவசரப்படக் கூடாது. முதல் டெஸ்டில் ஆக்சிலேட்டரை அப்படித்தான் மிதித்திருக்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பிரேக் இன்ஸ்பெக்டர், "வண்டி ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்டார். அப்பா சொன்ன பதில், "போய்க்கிட்டுத்தான் சார் இருக்கோம்."

அதனால்தான் நீங்கள் வாங்கி வந்த ஸ்டியரிங்கை எடுத்து மாட்டினேன். முதல் நாள் அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கம்பெனியில் உள்ளே போகுமுன் உடம்பு மின்சாரம் இறங்கத் தொடுவார்களே, அதுபோல ஒரு செப்புத் தகட்டைச் சுவரில் அடித்து அதைத் தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார், மேஜையில் இறுக்குகிற இரும்பு ஸ்குரூ உரசினால் பொறி வரும் என்று பித்தளை ஸ்குரூ மாற்றச் சொன்னார், மாற்றினேன், மொசைக் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டு ஓடியது, தீப்பிடித்தால் அணைக்க என்று அப்பா வீட்டிலும் வைத்திருக்கிற இரண்டு சிவப்பு மணல் வாளியைப் பின்னால் முட்டுக் கொடுத்தேன், ரேஸ் ஆரம்பித்தது, ஒன்பது காரும் பறந்துவிட்டது, இவர் நின்ற இடத்தில் நிற்கிறார், மிதிங்கப்பா என்று கத்தினால் "போகட்டும்லே, அவுகளுக்கு என்ன அவசரமோ" என்கிறார், போன காரில் ஒன்று ஒரு சுற்று முடித்து வந்து பின்னால் இடித்தது, ஸ்பீக்கரில் டமார்! அடுத்த நொடி அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று தெருவில் நிற்கிறார். அம்மா குக்கரோடு நிற்கிறாள். எதிர்வீட்டு மாரிசாமி அண்ணாச்சி யாரையும் கேட்காமல் உள்ளே புகுந்து ஒரு வாளி மணலை சி.பி.யூ. மேல் கவிழ்த்துவிட்டு வந்து, "அணைச்சிட்டேன்" என்றார். மணலை ஊதி எடுக்க எனக்கு மூன்று நாள்.

இருந்தாலும் மனுஷன் விடவில்லை. ஆறு வாரத்தில் பத்துப் பேரில் எட்டாவதாக வந்தார். இரண்டாவது டெஸ்டுக்குத் தைரியமாகப் போனார். ஆனால் கை பழகியதும் கால் பழகியதும் இரண்டு பெடலில். கிளட்ச் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். ஜீப் மூன்று தடவை குதித்து நின்றது. இதற்கு முழுப் பொறுப்பு நீங்கள்தான் மாமா. பெரியவர் என்பதற்காக உண்மையை மாற்றி எழுத முடியாது.

இப்போது இடது காலுக்கு, கிளட்சுக்குப் பதில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கால் பம்பு ஒன்று வைத்திருக்கிறேன். மிதித்தால் புஸ்ஸென்கிறது. திரி பற்றுகிற சத்தம் மாதிரி இருக்கிறதாம், ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கிவிடுகிறார். "ஏன்ப்பா பயப்படுறீங்க, காத்துதான!" என்று கத்தினால் அம்மா, "அவுகள வையாதல. நீ என்னைக்காவது அந்த ரூமுக்குள்ள நின்னிருக்கியா?" என்கிறாள்.

வருகிற வியாழக்கிழமை மூன்றாவது டெஸ்ட். தேறமாட்டார். பம்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. துணைக்கு நானும் அன்றைக்கே டெஸ்ட் கொடுக்கிறேன், எனக்கு அது ஐந்து நிமிஷ வேலை. ஆகவே நாலாவது டெஸ்டுக்கு உங்கள் ஸ்டியரிங்கைத்தான் நம்பியிருக்கிறோம். கவனமாகப் படியுங்கள்: பெடல் மூன்று. வளையம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டரைச் சுற்று வர வேண்டும். கியர் தனிக் குச்சியாக இருக்க வேண்டும். ரோட்டுக்கேற்றபடி வளையத்தை உதறுகிற மோட்டார் இருக்கட்டும், ஆனால் உதறலைக் குறைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் மாரிசாமி அண்ணாச்சி மறுபடி வாளியோடு வருவார். கடைக்காரர் "ரெண்டு பெடல் போதும்" என்றால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். பொறுமையாகப் பாருங்கள். அப்பா அந்த ரூமை விட்டு வருவது உங்கள் கையில் இருக்கிறது.

அப்பா கும்பிடு சொன்னார். அம்மா வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். கடைக்கு நடக்கப்போகிற தங்கள் கால்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கா. சூர்யபிரகாஷ், பி.இ. (மெக்கானிக்கல்)

பி.கு. (14.6.2007, வியாழன்): தபாலில் போட மறந்து இது என் பையிலேயே இருந்துவிட்டது. அப்பா பாஸ். ஒரு தடவைகூட ஜீப் குதிக்கவில்லை. எப்படி என்று கேட்டேன். "புஸ்ஸுன்னு சத்தம் வராம அந்தப் பம்ப மிதிக்கவும் விடவும் பழகிட்டேம்ல. கிளட்சும் அதே மாதிரிதான் இருக்கு" என்றார். இன்ஸ்பெக்டர் அவரிடம், "எங்க வேலை பாக்குறீக?" என்று கேட்டிருக்கிறார். "மருந்து ரூம்ல சார்." அவர் பேனாவை எடுத்தாராம். அப்புறம், "இப்பிடியே ஓட்டுங்கய்யா, யாருக்காகவும் மாத்திக்கிடாதீக" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்றாம் தேதியிலிருந்து அப்பாவுக்கு ஜீப். அன்றைக்கு நாலு மணிக்கே உலை வைக்கப் போவதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

என்னை முதல் திருப்பத்திலேயே இறக்கிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "தம்பி, பின்னாடி யாரும் தொரத்தல" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். ஸ்டியரிங் இப்போது எனக்குத்தான். பெடல் எத்தனை இருந்தாலும் சரி. ஏதாவது ஒன்று வாங்கி வாருங்கள்.