புட்வால்வு திருப்பிக் கொடுத்த கத்தி

இவ்விதழைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பெண் பார்ப்பதற்கு அரை மணி நேரமும், மடக்குக் கத்தி பார்ப்பதற்குப் பதினான்கு மாதமும் எடுத்துக்கொண்ட மனிதர் இவ்வுலகில் ஒருவர்தான் இருந்தார் என்பதை, அவரோடு பழகியவன் என்ற உரிமையில் உறுதிபடக் கூறுகிறேன். அவருடைய மனைவியே இதற்குச் சாட்சி. “என்னெப் பாக்க வந்த அன்னிக்கு, குடுத்த காபி ஆறல, அதுக்குள்ள சரின்னுட்டாரு. ஒரு கத்திக்கு இந்தப் பாடு!” என்று அந்த அம்மையார் என்னிடம் முறையிட்டதுண்டு.

அவருடைய இயற்பெயர் ரேஷன் அட்டையில் மட்டுமே வாழ்ந்தது. ஊரார் அவரைப் புட்வால்வு என்றே அழைத்தனர். பம்புசெட்டின் உறிஞ்சு குழாய்க்கு அடிநுனியில், எந்நேரமும் கிணற்று நீருக்குள் கிடந்து, ஏறிய நீர் மறுபடி இறங்கிவிடாமல் காக்கும் உறுப்புக்கு அப்பெயர். அவரோ பம்புசெட் பிட்டர். அவரும் பெரும்பாலும் கிணற்று நீருக்குள்ளேயே கிடந்தார். நான் எண்பதுகளில் திண்டிவனத்தில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருந்தேன்; அதனால் எனக்கு வைண்டர் என்று பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவன். அவர் கழற்றிக் கொண்டுவருவார், நான் சுற்றிக் கொடுப்பேன், அவரே கொண்டுபோய் மாட்டுவார்.

கத்தி வேட்டை தொடங்கியதற்குக் காரணம் ஒரு விபத்து. பழைய டயர் டியூபில் வாஷர் வெட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய கத்தி தானாகவே மடங்கி ஆள்காட்டி விரலைக் கவ்விவிட்டது. விரலில் கட்டுடன் பட்டறைக்கு வந்தவர், “வைண்டரே, விரிச்சா பூட்டிக்காத கத்தி இனிமே என் இடுப்புல ஏறாது” என்று அறிவித்தார்.

அன்றிலிருந்து மாதம் ஒரு முறையாவது என்னையும் அழைத்துக்கொண்டு விழுப்புரம் செல்வார். ரயிலடிக்குப் போகும் சாலையில் ஒரு பாய் இரும்புக்கடை வைத்திருந்தார். போல்ட்டு, நட்டு, கயிறு, கப்பி எல்லாம் நாங்கள் அவரிடமே வாங்குவது வழக்கம். பாய் நல்ல மனிதர். அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் தாடி நரைத்ததற்கு வயது மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை.

புட்வால்வு கத்தி பார்க்கும் முறையை விளக்குவது என் கடமை. முதலில் காதருகே வைத்து விரிப்பார். பூட்டு விழும் ஓசை ‘டக்’ என்று ஒரே அடியாகக் கேட்க வேண்டும். அடுத்து, பிடியைப் பற்றிக் கிலுகிலுப்பை போல் ஆட்டுவார். அலகு ஆடினால் தள்ளுபடி. பிறகு அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்துப் பலங்கொண்ட மட்டும் அழுத்துவார். மடங்கினால் தள்ளுபடி. இவற்றையெல்லாம் தாண்டிய கத்திக்குத்தான் மெய்யான சோதனை காத்திருக்கும். மடியிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து, மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, கையில் ஊற்றிக்கொண்டு, கண்களை மூடி, ஒற்றைக் கையால் விரிப்பார். முடியாவிட்டால் பல்லால் கடித்து இழுப்பார்.

“யோவ், நீ கடிச்ச கத்திய எவன்யா வாங்குவான்?” என்று பாய் அலறுவார்.

“கெணத்துல ஒரு கையில கல்லப் புடிச்சினு தொங்கும்போது, கத்தியத் தெறக்க நீயா வருவ பாய்?”

“எண்ணெ ஏன்யா ஊத்தற? கெணத்துல எண்ணெயா இருக்குது?”

“பாசி இருக்குதே. பாசிய நான் புட்டியில எடுத்தாந்தா நீ கடையில சேப்பியா?”

மான்கொம்புப் பிடி போட்ட அழகிய கத்தி ஒன்றைக் காட்டினால், “இது மாப்ள, வேலைக்கு அனுப்பாத” என்பார். கரண்டி, திருகாணி, கத்திரி முதலியன ஒரே பிடிக்குள் மடங்கும் சீமைக் கத்தியைக் காட்டியபோது, “ஒரு ஆளக் கேட்டா குடும்பத்தையே எறக்குறியே பாய்” என்றார். கண்ணாடி போல் மின்னிய மற்றொன்றில் பொறுமையாகத் தலைவாரிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இறுதியில் ஒரு நாள் பாய், மேல் பலகையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துப் போட்டார். தடித்த முதுகு, மங்கிய அலகு, மூன்று பித்தளை ஆணி அடித்த கருமரப் பிடி. பார்வைக்கு எருமைக் கன்று போலிருந்தது. எல்லாச் சோதனைகளிலும் அது தேறியது. ஆயினும் புட்வால்வு, “வேலையில பாக்காம சொல்ல மாட்டேன்” என்றார். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். “எட்டு நாள் வச்சிக்கோ. எட்டாம் நாள் ஒண்ணு வாங்கிக்கோ, இல்ல குடுத்துட்டு வேற கடை பாத்துக்கோ. பேஜாரு புடிச்சிப் போச்சிய்யா எனக்கு.”

எட்டாம் நாள் கோலியனூரில் ஒரு கிணற்று வேலை வாய்த்தது. அதை முடித்துக்கொண்டு விழுப்புரம் சென்று பாய்க்குப் பதில் சொல்வதென ஏற்பாடு. நெரிசலான பேருந்தில் புட்வால்வு வழி நெடுகிலும் கத்தியை விரிப்பதும் மடக்குவதுமாக வந்தார். சற்று நேரத்தில் எங்களைச் சுற்றி மூன்று இருக்கைகள் காலியாயின. “யோவ் பெரிசு, மடக்குய்யா! கலெக்‌ஷனே போயிடும்!” என்றார் நடத்துநர். நாங்கள் கால் நீட்டி அமர்ந்து கோலியனூர் சேர்ந்தோம்.

கோடையில் கிணற்று நீர் இறங்கிவிட்டதால், மோட்டாரை மேல்மேடையிலிருந்து கீழ்மேடைக்கு இறக்க வேண்டும். அதுவரை நான் கிணற்றில் இறங்கியதே இல்லை. ஆனால் அம்மோட்டார் நான் நான்கு நாள் கண்விழித்துச் சுற்றியது. அது சுவரில் இடிபடக் கூடாதே என்ற பெருமிதத்தில், பக்கக் கயிற்றை நானே பிடிப்பதாகச் சொல்லிப் படிக்கல்லில் இறங்கி நின்றேன். கப்பியில் தொங்கும் மோட்டார் ஆடாமல் அதை ஓரமாக இழுத்துப் பிடிப்பதற்குரியது பக்கக் கயிறு. அதைக் கையில்தான் பிடிக்க வேண்டும். நானோ, நழுவும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட ஒரு கை வேண்டுமே என்று எண்ணி, அக்கயிற்றை யாருக்கும் தெரியாமல் என் இடுப்பில் முடிந்துகொண்டேன். அறிவுள்ள எவனும் செய்யாத காரியம்.

மேலே நான்கு பேர் பெருங்கயிற்றைப் பிடித்திருந்தனர். மோட்டார் பாதி வழி இறங்கியிருந்தது. அப்போது நிலக்காரர் வீட்டம்மாள் வரப்பில் வந்து, “கூழு வந்துடுச்சி!” என்று குரல் கொடுத்தார். இருவர் திரும்பிப் பார்த்து, ஒரு கையை எடுத்துவிட்டனர்.

மோட்டார் என்னைத் தாண்டிச் சரேலென்று இறங்கியது. பக்கக் கயிறு விறைத்து என்னைப் படிக்கல்லிலிருந்து பிடுங்கியது. நான் அடுத்த கல்லை இரு கைகளாலும் கட்டிக்கொண்டேன்; மூக்குக்கண்ணாடி நீரில் விழுந்தது. மேலிருந்தவர்கள் உள்ளங்கை எரிய எரியப் பிடித்தும், கயிறு சாண் சாணாக நழுவியது. ஒவ்வொரு சாணுக்கும் என் இடுப்பு இரண்டாகப் பிளப்பது போலிருந்தது. கீழே இரண்டாள் ஆழ நீர். எனக்கு நீச்சல் தெரியாது.

அடியில் குழாய் மாட்டிக்கொண்டிருந்த புட்வால்வு நிமிர்ந்து பார்த்தார். “அடப்பாவி, இடுப்புலயா கட்டிக்கின? கல்ல வுட்டுடாத வைண்டரே! கண்ணாடி போனா போவுது, கல்லப் புடி!”

பாசி படிந்த படிகளில் பல்லியைப் போல் ஏறி வந்தார். ஒரு கையால் கல்லைப் பற்றினார். மறு கையில் கத்தி. சகதி படிந்த விரலுக்கு அலகு பிடி கொடுக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். ‘டக்’. அவ்வோசையைப் போன்ற இனிய சங்கீதத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஓர் இழுப்பு. இரண்டாவது இழுப்பு. மூன்றாவதில் கயிறு அறுந்தது. மோட்டார் விலகி ஆடி, மேலிருந்தவர்கள் கையிலிருந்து பெருங்கயிற்றையும் உருவிக்கொண்டு, ‘குபுக்’ என்று நீருக்குள் போயிற்று.

“ஐயோ, என் மோட்டாரு!” என்று நிலக்காரர் மேலிருந்து கூவினார்.

“மோட்டாரு குளிக்குது! ஆளு இருக்காரு!” என்று புட்வால்வு பதிலுக்குக் கூவினார்.

நான் மேலே ஏறி, அந்தக் கூழையே இரண்டு செம்பு குடித்து, உயிரோடு இருப்பதன் சுவையை உணர்ந்தேன். மோட்டாருக்குக் கயிறு மாட்டுவதற்காக மூழ்கிய புட்வால்வு, வெகுநேரம் கழித்து நீரைப் பிளந்து எழுந்தார். அவர் முகத்தில் என் மூக்குக்கண்ணாடி இருந்தது.

மாலையில் விழுப்புரம் சென்றோம். புட்வால்வு கத்தியைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

“வேணாம் பாய்.”

நான் திகைத்தேன். நடந்ததைப் பாய்க்கு நானே விவரித்தேன். பாய் எழுந்து நின்றுவிட்டார். “யோவ், ஆளக் காப்பாத்தின கத்தியய்யா இது! இதுல இன்னாய்யா குத்தம்?”

“மூணு இழுப்பு எடுத்துச்சி.”

“எடுக்கட்டுமே! ஆளு இங்க நிக்கிறாரு இல்ல?”

“நிக்கிறாரு. ரெண்டாவது இழுப்புல இவரு கண்ணு செருகிப்போச்சி பாய். மூணாவது வரைக்கும் நான் மூச்சே வுடல.” அவர் என்னைப் பார்க்காமல் தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒரே இழுப்புல அறுக்கிறது இருந்தா காட்டு.”

பாய் மூன்று தேநீர் வரவழைத்தார். வேறு கடை பார்க்கும்படி பிறகு அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அந்தக் கத்தியை நானே வாங்கிக்கொண்டேன். இதை எழுதும் பென்சிலும் அதனால் சீவியதே.

ஒரே இழுப்பில் அறுக்கும் கத்தி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு எந்தக் கிணற்றடிக்கு நாங்கள் சென்றாலும், நான் முதற்படியில் கால் வைக்குமுன் என்னை நிறுத்தி, என் இடுப்பைச் சுற்றிலும் தடவிப் பார்த்து, “கயிறு இல்லையே? சரி, எறங்கு” என்பார். திண்டிவனம் வட்டாரத்தில் அத்தனை பேர் முன்னிலையில் தடவிப் பார்க்கப்பட்ட இடுப்பு வேறொன்று இராது. நான் ஒரு முறையும் வேண்டாமென்று சொன்னதில்லை.

ஐயா, அம்மா, அவரைப் பற்றி அச்சில் வந்தது இது ஒன்றே என்பதால், இவ்விதழை எடைக்குப் போடும்போது இப்பக்கத்தை மட்டும் நறுக்கி எடுத்து வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.