அலகு உடைந்த கொக்கு

ஏலம் முடிய ஆறு மணி நேரம் பதினான்கு நிமிடம் இருந்தது. நீரூற்றின் விலை நாற்பத்தோரு ரூபாயில் நின்றது.

செயலியைத் திறந்து திறந்து பார்த்ததில் எழிலரசியின் கைபேசிதான் சூடாகியது. விலை ஏறவில்லை.

பட்டாபிராமில் அவர்கள் புது வீட்டில் குடிபுகுந்தபோது நாத்தனார் ராதிகா கொடுத்த நீரூற்று அது. நான்கடி உயரத்துக்குச் செயற்கைப் பாறை, அதில் வழியும் தண்ணீர், உச்சியில் பாதி அலகு உடைந்த ஒரு கொக்கு. வந்த அன்றே அலகு அப்படித்தான் இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு எழில் கேட்கவில்லை. ஸ்விட்சைப் போட்டால் கூடம் முழுக்கச் சலசலக்கும். விருந்தாளிகள் காபி வருவதற்கு முன்பே பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள்.

"வித்துடு. ஆனா அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சுது, நம்ம ரெண்டு பேரையும் அந்தத் தொட்டியிலயே முக்கிடும்" என்றான் அவள் கணவன் ஜீவா.

எழில் வேதியியல் பட்டதாரி. செலவில்லாமல் விற்பதையும் ஒரு பரிசோதனை போலவே திட்டமிட்டாள். இதற்குக் கீழே தர முடியாது என்று அடிமட்ட விலை குறிக்கத் தனிக் கட்டணம் என்றார்கள், குறிக்கவில்லை. ஒரு ரூபாயில் தொடங்கினால் பதிவு இலவசம், தொடங்கினாள். முப்பது கிலோவுக்குக் கூரியரில் கேட்ட தொகைக்கு இன்னொரு நீரூற்றே வாங்கிவிடலாம். ஆகவே 'ஆவடி, பட்டாபிராம் வட்டாரத்தினர் மட்டும். வண்டி உங்களுடையது' என்று போட்டாள். வீடு தெரியாமலிருக்கப் பின்னால் போர்வையைக் கட்டி, அலகு தெரியாமலிருக்கக் கொக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி, படம் எடுத்தாள்.

விலை நாற்பத்தொன்றில் நின்ற அந்த வெள்ளிக்கிழமைதான் ராதிகா போன் செய்தாள்.

"எழிலு, அந்த ஃபவுண்டன் நல்லா ஓடுதா?"

ஒரு வருடமாக அதைப் பற்றி வாயே திறக்காதவள். எழில் அவசரமாக ஒரு பொய் தேடினாள்.

"அது... ரிப்பேர் அண்ணி. மோட்டார் போயிடுச்சு. கடையில குடுத்திருக்கோம்."

"எந்தக் கடை? உங்க அண்ணனை வாங்கியாரச் சொல்றேன்."

"கடை பூட்டியிருக்கு அண்ணி. கடைக்காரர் சபரிமலைக்குப் போயிருக்கார்."

ஆனி மாதத்தில் யார் மாலை போடுகிறார்கள் என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துடாது?"

"வராது அண்ணி."

"ஐயையோ" என்ற ராதிகா போனை வைத்துவிட்டாள்.

அந்த ஐயையோவை எழில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் அதில் கோபம் இருந்தது. சந்தேகமே இல்லை, அண்ணி ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறாள். நீரூற்று வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஏலத்தை நிறுத்தப் போனாள். இலவசத் திட்டத்தில் அந்த வசதி இல்லை என்றது செயலி.

ஒரே வழிதான் மிச்சம். ஜீவாவின் கணக்கிலிருந்து அவளே ஏலம் கேட்டாள். அறுபது.

'ஆவடி ரோஜா' என்று ஒரு பெயர் புதிதாக முளைத்தது. நூறு.

எழில் இருநூறு என்றாள். ரோஜா முந்நூறு. மூன்று நாள் படுத்துக் கிடந்த நீரூற்று மாலைக்குள் இரண்டாயிரத்தைத் தொட்டது. தன் பொருளுக்குத் தானே விலை ஏற்றி, செயலிக்குத் தர வேண்டிய கமிஷனையும் சேர்த்து ஏற்றிக்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்தது. எதுவும் அழிவதில்லை, வடிவம்தான் மாறும் என்று கல்லூரியில் படித்தாளே, அது செலவைப் பற்றித்தான் போலிருக்கிறது.

இரண்டாயிரத்துக்கு மேல் கேட்க ஓடிபி வேண்டுமாம். அது ஜீவாவின் கைபேசிக்குப் போனது. ஜீவா அம்பத்தூரில் ரயில் ஏறி நின்றுகொண்டிருந்தான். நிமிடங்களே பாக்கி.

"ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க."

"எதுக்கு?"

"நம்ம ஃபவுண்டனை வாங்கறதுக்கு."

"அதை நீ வித்துக்கிட்டுல்ல இருந்தே?"

"வித்துக்கிட்டேதான் வாங்கறேன். சொல்லுங்க!"

ஜீவாவின் பக்கத்தில் யாரோ, "சொல்லாத நைனா! எங்க மச்சானுக்கு இப்டிதான் அக்கவுண்ட்டு காலியாச்சு" என்றது கேட்டது.

"என் ஒய்ஃப்பு சார்."

"ஒய்ஃப்பு மாரியேதான் பேசுவானுங்கோ."

"நாலு... ஏழு... ஒண்ணு..." என்றான் ஜீவா. அண்ணனூர் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது.

வாழ்த்துகள், உங்கள் பொருள் விற்றுவிட்டது என்று செயலி பட்டாசு வெடித்துக் காட்டியது.

சனிக்கிழமை காலையில் லோடு ஆட்டோ வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் வேம்புலி. இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததை எழில் ஒப்பித்தாள்.

"அண்ணே, வாங்கினவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா? திங்கக்கெழமை எடுத்துக்கிட்டா எனக்குப் பெரிய உதவியா இருக்கும்."

"ஆவாதுமா. அந்தம்மாக்கு நாளிக்கே வோணுமாம். ஆப்புல வந்த லொகேசன அப்டியே எனக்கு தள்ளிவுட்டு, உடனே போ, உடனே போன்னு ஒரே நச்சு."

அவர் கொக்கைத் தன் பக்கம் திருப்பினார். உடைந்த அலகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வீட்டை ஒரு முறை, எழிலை ஒரு முறை பார்த்தார்.

"அட, இன்னாமா இது! இந்த மூக்க ஒடச்சதே நான்தான். போன வருசம் ராதிகாம்மா ஊட்லேந்து இங்க இட்டாரசொல்ல, கேட்டாண்ட ஒரு பள்ளம்."

"வீட்லேர்ந்தா? கடையிலேர்ந்து அனுப்பினதா இல்ல அண்ணி சொன்னாங்க?"

வேம்புலி தலைத்துண்டை அவிழ்த்துக் கொக்கின் மேல் பத்திரமாகச் சுற்றினார்.

"கடையா? அது அவங்க மாமியாரு குட்த்ததுமா. நாளிக்கு அந்தக் கெய்வி ஆம்பூர்லேந்து வர்து, எங்கடி நான் குட்த்த ஃபவுண்டனுன்னு கேட்டா இன்னா பண்றதுன்னு, நேத்து பூரா போனும் கையுமா குந்திகினு, எவனோ ஒரு பைத்தியத்தோட மல்லுக்கட்டி இத ஏலத்துல எட்த்துகீறாங்க உங்க நாத்தனாரு."