செல் இரண்டு முதல் நான்கு

கோவில்பதாகை, ஆவடி
வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் அழகேசன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை சாவித்திரி, உங்கள் மருமகள் நிவேதிதா மூவரும் சுகம். செய்யாற்றில் நீங்களும் வீட்டாரும் சுகம்தானா என்று போனில் கேட்டுவிட்டு மேற்கொண்டு எழுதலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டீர்கள். சாவித்திரியின் எண்ணையும் சேர்த்துச் செய்துவிட்டீர்கள். அவள் என்ன பாவம் செய்தாள், என்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர? அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் நீங்கள்தான். ஆகவே இது ஸ்பீடு போஸ்ட்டில் வருகிறது. முழுவதும் படித்துவிட்டுக் கிழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நல்ல சேதி. நீங்கள் பார்த்துக் கொண்டுவந்த வேப்பம்பட்டு மாப்பிள்ளை நிர்மலுக்கும் நம் நிவேதிதாவுக்கும் கல்யாணம் நிற்கவில்லை. நிறுத்தியதும் நான்தான், நேற்று மறுபடி ஓடவிட்டதும் நான்தான். மண்டபம் அப்படியே இருக்கிறது, சமையல்காரர் அப்படியே இருக்கிறார், சம்பந்தி மட்டும் இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறார், அது போகப் போகச் சரியாகும். எனக்கு நேற்று ராத்திரிதான் சாப்பாடு இறங்கியது. இனி இது எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் உங்களை நான் சொன்ன வார்த்தைகளுக்கு ஒரு காரணம் இருந்தது. தப்பான காரணம், ஆனாலும் காரணம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன். உள்ளே வருகிற சரக்கை ஒரு பெட்டிகூடத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அப்படிப்பட்டவன், பெண்ணுக்கு எல்லாம் பேசி முடித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையை அச்சுக்கும் கொடுத்த பிறகு, போன வாரம் ஒருநாள் குளிக்கும்போது, ஐயோ, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விசாரிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை மச்சான், பழக்க தோஷம். மாடி வீட்டுப் பார்த்தசாரதியிடம் சொன்னேன். அவர் இந்த வட்டாரத்தில் எல்லாரையும் தெரிந்தவர், தெரியாதவர்களை இன்னும் நன்றாகத் தெரிந்தவர். "இன்னா சார் நீ, விசாரிக்காமயா பொண்ணக் குடுப்ப? என் தம்பி புள்ள மாப்பிள்ள வேல செய்ற எஸ்டேட்லதான் கீறான். ஞாயித்துக்கெழம ரிப்போர்ட்டு உன் செல்லுல வந்துகினு இருக்கும், நீ கம்முனு இரு" என்றார். நானும் கம்மென்று இருந்தேன். அப்படியே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தது. ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். தாளின் மேல்பாதி முழுக்க அவருடைய கட்டைவிரல். என் மூக்குக்கண்ணாடி சனிக்கிழமையே ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து உடைந்துவிட்டது, அதாவது அதன்மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஆனால் நாலைந்து இடத்தில் நிர்மல், நிர்மல் என்று பெயர் பளிச்சென்று தெரிந்தது, ஆகையால் மாப்பிள்ளை ரிப்போர்ட்தான் என்று உறுதியாகிவிட்டது. கலர்: வெளிர் மஞ்சள் என்று போட்டிருந்தது. பெண் பார்க்க வந்தபோது மாநிறமாகத்தானே இருந்தார், பவுடரா என்று நினைத்தேன். அளவு: முப்பது எம்.எல். சரி, குடி உண்டு, ஆனால் அளவோடு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ரியாக்‌ஷன்: ஆசிட். முன்கோபம், அமிலம் வீசுகிற அளவுக்கு. யூரோ என்று ஆரம்பித்து நீளமாக ஒரு வார்த்தை, பக்கத்தில் நிர்மல். ஓகோ, ஐரோப்பா போகிற திட்டத்தை நம்மிடம் மறைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே செல் இரண்டு முதல் நான்கு. மச்சான், நீங்களே சொல்லுங்கள், ஒரு மனுஷனுக்கு எதற்கு நாலு செல்? அதுவும் இரண்டா நாலா என்று விசாரித்தவருக்கே பிடிபடவில்லை என்றால் எப்படிப்பட்ட தில்லாலங்கடி ஆளாக இருக்க வேண்டும்?

இதையெல்லாம்கூட நான் பொறுத்திருப்பேன். அடுத்த வரி: காஸ்ட், நில். கடைசி வரி: கல்ச்சர், நோ க்ரோத்.

 நாம் சாதி பார்க்கிறவர்கள் இல்லை என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், யூனியன் மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் நம்ம ஆட்கள் என்று சொன்னீர்கள், ரிப்போர்ட் இல்லவே இல்லை என்கிறது. கூடவே பண்பாடும் வளரவில்லை. அந்தச் சூட்டில்தான் உங்களுக்குப் போன் செய்து, சாதியும் இல்லாத பண்பாடும் இல்லாத நாலு செல்காரனை என் பெண் தலையில் கட்டப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அடுத்த போன் வேப்பம்பட்டுக்கு. சம்பந்தியிடம், "உங்க பையனுக்கு கல்ச்சர் இல்லைங்க, எழுத்திலேயே வந்திருக்கு" என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தினேன்.  அவர் "நல்லதுங்க" என்று வைத்துவிட்டார். திரும்பினால் நிவேதிதா வாசலில் நிற்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று முதல் அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. அதுதான் மச்சான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று நாள் ஆபீஸ் போனாள், வந்தாள், சாவித்திரியிடம் மட்டும் பேசினாள். நான் ஹாலில் இருந்தால் அவள் சமையலறையில், நான் சமையலறைக்குப் போனால் அவள் மொட்டை மாடியில்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து மாப்பிள்ளையே வந்து நின்றார். அம்பத்தூரில் ரயிலேறி ஆவடியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. "அங்கிள், கல்யாணம் வேணாம்னா சரி. என்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்றார். செல்லை நீட்டினேன். நின்றபடியே படித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அங்கிள், இவருக்கு ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் ஏதாவது இருந்துச்சா?"

மச்சான், அது பார்த்தசாரதியின் சிறுநீர் ரிப்போர்ட். மாப்பிள்ளை வேலை பார்ப்பது ரத்தம், சிறுநீர் சோதிக்கிற லேபில் என்று நீங்கள் சொன்னதை நான் கெமிக்கல் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிர்மல் நிர்மல் என்று நான் படித்ததெல்லாம் நார்மல். சாவித்திரி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவர் உட்கார்ந்து, கோபப்படாமல், ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். செல் என்றால் பேசுகிற செல் இல்லையாம், உடம்பைக் கட்டியிருக்கிற செங்கல்லாம். சிறுநீர்க் குழாயின் உள்பக்கச் சுவரிலிருந்து பழைய செல் இரண்டு நாலு உதிர்ந்து வருவது சகஜமாம். யூரோ என்று ஆரம்பித்தது ஐரோப்பா இல்லை, யூரோபிலினோஜன் என்கிற பித்தப் பொருளாம். ஆசிட் என்றால் கோபம் இல்லை, ஏழு என்கிற எண்ணுக்குக் கீழே இருந்தால் அமிலம், மேலே போனால் காரம். புளி அமிலம், சோப்பு காரம். உடனே சாவித்திரி, "முப்பது வருஷமா என் சாம்பார்ல காரம் ஜாஸ்தின்னு சொல்றாரே தம்பி, அப்ப நான் சோப்பா போட்டேன்?" என்று இடையில் புகுந்தாள். கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனையாம். இரண்டு நாள் வைத்துப் பார்த்தும் ஒன்றும் வளரவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டுமாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப அந்தக் காஸ்ட் தம்பி?" என்று கேட்டுவிட்டேன். நிவேதிதா இருந்த உள்ளறையின் கதவு கொஞ்சம் திறந்தது. அவர் சொன்னார்: "உங்க எஸ்டேட்ல இரும்பு உருக்கி காஸ்டிங் ஊத்துவாங்களே, அந்த காஸ்ட் அங்கிள். கிட்னிக்குள்ள மெல்லிசா குழாய் இருக்கு. அதுல புரதம் இறுகி, அச்சுல வார்த்த மாதிரி வெளிய வரும். அது இருந்தாத்தான் பிரச்சனை. நில்லுன்னு வந்தா ஆரோக்கியம்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை. "ஸ்டோர்ஸ்ல போல்ட்டை எப்படி அடுக்குவீங்க?" என்றார். அறை, அலமாரி, தட்டு, பெட்டி என்றேன். "உயிர்களையும் அப்படித்தான் அடுக்கியிருக்காங்க. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். மனுஷங்க மொத்தப் பேரும் கடைசில ஒரே பெட்டி. அதுக்குள்ள தடுப்பு கிடையாது." முப்பத்தோரு வருஷ ஸ்டோர்ஸ்காரன் நான், இல்லாத தடுப்புக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, மச்சான். ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மாமா" என்றார். அங்கிள் போய் மாமா வந்துவிட்டது. அப்படியே வேப்பம்பட்டுக்கும் போன் போட்டுச் சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்டுக் கல்யாணத்தை உறுதி செய்தேன்.

அப்படியானால் உண்மையான விசாரணை ரிப்போர்ட் எங்கே என்று கேட்பீர்கள். அது பார்த்தசாரதியின் டாக்டருக்குப் போயிருக்கிறது. "பையன் தங்கம், சிகரெட் இல்லை, அம்மா மட்டும் கொஞ்சம் பேசுவாங்க" என்ற செய்திக்கு டாக்டர், "பயப்பட ஒன்றுமில்லை, நிறையத் தண்ணீர் குடிக்கவும்" என்று பதில் போட்டிருக்கிறார். பார்த்தசாரதி மூன்று நாளாக நாலு லிட்டர் குடித்துக்கொண்டிருக்கிறார். "இன்னா சார், கை தவறிப் பூட்ச்சு" என்பதோடு அவர் வேலை முடிந்தது.

மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். நிவேதிதா இன்னும் என்னிடம் பேசவில்லை. "செய்யாறு மாமா வந்து மாலை போட்டுக் கூட்டிட்டுப் போனாத்தான் மணவறைல உட்காருவேன்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். நான் பேசியதெல்லாம் என் புத்தியின் கோளாறு, உங்கள் பேரில் ஒரு குறையும் இல்லை. காலில் விழ வேண்டும் என்றாலும் விழுகிறேன், எழுந்திருக்கும்போது மட்டும் கை கொடுங்கள். இனி எந்தத் தாளையும் கண்ணாடி இல்லாமல் தொடுவதில்லை, ஓர் எழுத்தைக்கூட மூன்று முறை பார்க்காமல் விடுவதில்லை என்று சாவித்திரி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். புதுக் கண்ணாடியும் வாங்கிவிட்டேன். காலையில் அச்சகத்துக்குப் போய்ப் பத்திரிகை மாதிரியை அதைப் போட்டுக்கொண்டே திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும். பிளாக்கை எடுத்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
அழகேசன்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்குள் பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது. தமிழ்ப் பக்கம் சரியாக இருக்கிறது. இங்கிலீஷ் பக்கத்தில் மாப்பிள்ளை பெயரில் நேற்று ஓர் எழுத்து தப்பாகப் பட்டது. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று மூன்று முறை பார்த்து, ‘ஐ’யை அடித்து ‘ஓ’ போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தேன். ஐந்நூறு பத்திரிகையிலும் நிவேதிதா வெட்ஸ் நார்மல் என்று தங்க எழுத்தில் வந்திருக்கிறது. அச்சகத்தோடு சண்டை போடக் கிளம்பினேன். நிவேதிதா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். "விடுப்பா, மாத்தாத" என்றாள். "நம்ம குடும்பத்துக்கு ஒருத்தராவது நார்மலா வரட்டும்."