அத்தைக்குப் புதுக் கண்

"போச்சு! போர்டு போச்சு! என்ன நம்பர் போட்டிருந்துச்சு, பாத்தியா?"

மருந்து கம்பெனி ரெப் அலறிய அலறலில் பக்கத்து சீட்டிலிருந்த மனைவி கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள்.

"நான் எப்படிங்க பாப்பேன்? கார்ல கண்ணைத் திறந்தா எனக்குக் குமட்டும்னு தெரியாதா?"

தெரியும். ஆனால் பயத்தில் மறந்துவிட்டார். இந்த நாட்டுப்புறச் சாலைகள் அவருக்கு ஜென்ம விரோதிகள். எண்பதில் போகலாம் என்று ஒரு போர்டு ஆசை காட்டும். வளைவில் திரும்பினால் முப்பது என்று இன்னொன்று மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். அப்படியே இரண்டு முறை மாட்டியாகிவிட்டது. இன்னொரு முறை மாட்டினால் லைசென்ஸ் காலி. லைசென்ஸ் இல்லாத ரெப்பை வேலையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அழகு பார்ப்பாரா என்ன?

"நான் எதுக்கு இருக்கேன் மாப்பிள்ளை?"

பின் சீட்டின் நடுவிலிருந்து மாமியாரின் தலை, முன் சீட்டுகளின் இடுக்கு வழியாக நீண்டது. போன மாதம்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். இப்போது போவதும் அதே டாக்டரிடம் செக்கப்புக்குத்தான். கட்டைப் பிரித்த நாளிலிருந்து, எதிர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து இங்கிருந்தே மணி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"புதுக் கண்ணு! எறும்புக்கு மீசை இருந்தாக்கூடச் சொல்லிடுவேன். நம்பரை நான் படிக்கிறேன். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

ரெப்புக்கு அப்பாடா என்றிருந்தது. நம்பர் அத்தை பொறுப்பு, ஸ்பீடு முள் தன் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்.

"அறுபது!" என்றார் மாமியார்.

முள் அறுபதில் வந்து நின்றது.

"நாப்பது!"

பிரேக்கை ஒரே மிதி. முன்னால் போய்க்கொண்டிருந்த தண்ணீர் லாரி விலகிப் போக, பின்னால் வந்த கார்க்காரன் ஹாரனிலேயே திட்டினான்.

"திட்டட்டும். அவனுக்கென்ன, அவன் லைசென்ஸா போகப்போகுது?" என்று ரெப் முணுமுணுத்தார்.

"எண்பது!"

எண்பது. முன்னே போன பஸ்ஸைத் துரத்தாத குறைதான்.

"மறுபடியும் நாப்பது!"

"ஏன் அத்தை, நிமிஷத்துக்கு ஒண்ணா மாத்துறானுங்க?"

"என்னைக் கேட்டா? எழுதினவனைக் கேளுங்க!"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இழுத்து இழுத்து நிறுத்தாதீங்க. எனக்குக் குடலே வெளிய வந்துடும்போல இருக்கு."

ரெப்புக்குக் கண் சாலையிலேயே இல்லை. முள் கொஞ்சம்கூடத் தாண்டக்கூடாதே என்று மீட்டரையே வெறித்துக்கொண்டு ஓட்டினார். ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு லாரியை நெருங்கும்போது மாமியார் உற்சாகமானார்.

"அறுபது! அறுபது! நல்லா அழுத்துங்க!"

அழுத்தினார்.

"ஏங்க," என்றாள் மனைவி, கண்ணை மூடியபடியே. "பிள்ளைங்க சத்தம் கேக்குதே. ஸ்கூலா?"

"உங்கம்மா அறுபதுன்னு சொல்லியாச்சு. சும்மா வா."

சத்தம் பின்னால் போய்விட்டது. ரெப் தலையை நிமிர்த்தவே இல்லை.

அடுத்த திருப்பத்தில் மாமியார், "இருபது!" என்று கத்தினார்.

"இருபதா?"

"கொட்டை எழுத்துல எழுதியிருக்கு!"

முன்னால் ஒரு டிராக்டர் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதன் வாலைப் பிடித்த மாதிரி கார் ஊர்ந்தது. காருக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்து, கல்யாண ஊர்வலம் கணக்காக நீண்டன. ஹாரன் காதைப் பிளந்தது.

"முந்திட்டுத்தான் போங்களேன்!" என்றாள் மனைவி.

"இருபதுல போறவனை இருபதுல எப்படிடி முந்துறது?"

அப்போதுதான் சைரன் கேட்டது. போலீஸ் பைக் ஒன்று பக்கத்தில் வந்து ஓரம் கட்டச் சொன்னது. ரெப் பயந்துகொண்டே ஓரம் கட்டினார். ஆனாலும் மனதுக்குள் ஒரு தெம்பு. ஒரு நம்பரைக்கூட மீறவில்லையே!

"சார், நீங்களே பாருங்க. இருபதுன்னா இருபதுலதான் வந்தேன்."

"எந்த இருபது?" போலீஸ்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "இந்த ரோட்டுல இருபதுன்னு போர்டே கிடையாது. ஊருக்குள்ள முப்பது, வெளிய எண்பது. அவ்வளவுதான். மெதுவாப் போனதுக்காக நான் வரல. ஸ்கூல் வாசல்ல அறுபதுல போயிருக்கீங்க. பிள்ளைங்க ரோட்டைத் தாண்டலாம்னு ஓரத்துல நின்னுட்டிருந்தாங்க. நல்லவேளை, யாரும் காலை வைக்கல. லைசென்ஸை எடுங்க."

ரெப்புக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லைசென்ஸை நினைத்தா, ஓரத்தில் நின்ற பிள்ளைகளை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அத்தை! ஸ்கூல்கிட்ட அறுபதுன்னு படிச்சீங்களே! எங்க பாத்துப் படிச்சீங்க? சார்கிட்ட சொல்லுங்க!"

மாமியார் இடுக்கிலிருந்து தலையை இன்னும் கொஞ்சம் நீட்டி, தூரத்தில் போய்க்கொண்டிருந்த டிராக்டரைக் கைகாட்டினார்.

"எனக்கும் அப்பவே சந்தேகம்தான் தம்பி. எல்லா ஊர்லயும் போர்டைக் கம்பம் நட்டு மாட்டுவாங்க, இங்க மட்டும் ஏன் ஒவ்வொரு வண்டி முதுகுலயும் எழுதி ஓடவிட்டிருக்காங்கன்னு!"